பல் சிகிச்சை அறையில் காந்தப்புலம்: அளக்கவும் குறைக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பல் மருத்துவர்கள் நாலு பேர் சேர்ந்து வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் எக்ஸ்-ரே, பாதரசம், கழுத்துவலி, ஊசி குத்திக்கொள்வது எல்லாம் தானாகவே பேச்சில் வரும். காந்தப்புலம் அநேகமாக வராது. வந்தாலும் ஒருவர் ‘அதெல்லாம் ஒன்றுமே இல்லை’ என்பார், இன்னொருவர் ‘புற்றுநோய் வருமாமே’ என்று பயப்படுவார். இருவருமே அளந்து பார்த்துச் சொல்வதில்லை. ஒரு மீட்டரும் ஒரு பகல் பொழுதும் இருந்தால் உங்கள் கிளினிக்கின் உண்மை நிலை தெரிந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘எந்தக் கருவி மிக அதிக எண் காட்டுகிறது’ என்று தேடத் தொடங்கினால் தவறான இடத்தில்தான் போய் நிற்பீர்கள். யார், எங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறார், அவர் உடம்புக்குள் பேஸ்மேக்கர் போன்ற கருவி உண்டா என்பதே சரியான கேள்வி.

முதலில் மூன்று வகைப் புலங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுற்று (50 அல்லது 60 ஹெர்ட்ஸ்) திசை மாறி மாறி ஓடுகிறது, புலமும் அப்படியே மாறுகிறது. டென்டல் சேரின் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், கம்ப்ரஸர், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், சுவருக்குள் போகும் வயர் எல்லாம் தருவது இந்த வகைதான். மிகக் குறைந்த அதிர்வெண் காந்தப்புலம் என்பார்கள்.

இரண்டாவது, கிலோஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறும் புலம். பல் சிகிச்சையில் இதற்கு முக்கியமான மூலம் மேக்னெட்டோஸ்ட்ரிக்டிவ் வகை அல்ட்ராசோனிக் ஸ்கேலர், பல்லில் படிந்த காரையை அதிர்வால் எடுக்கும் கருவி. அதன் கைப்பிடிக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது உண்டாக்கும் புலத்தில் நிக்கல் தகடுகளின் அடுக்கோ ஃபெரைட் தண்டோ நொடிக்குப் பல ஆயிரம் முறை நீண்டு சுருங்குகிறது. பெரும்பாலான மாடல்கள் 25 அல்லது 30 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும். பீசோ ஸ்கேலர் வேறு ரகம். அதில் அதிர்வது மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் படிகம், காந்தச் சுருள் கிடையாது. நோயாளியின் வாயில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் காந்தப்புலத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வெகு தூரம்.

மூன்றாவது, திசை மாறாத நிலைக் காந்தப்புலம். சட்டையில் ஒட்டும் காந்தப் பெயர் அட்டை, கருவிகளைப் பிடித்துவைக்கும் காந்தப் பட்டை, பல்செட்டைப் பிடித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு நியோடிமியம் காந்தம் எல்லாம் இதில் சேரும்.

இந்த மூன்றும் எக்ஸ்-ரே அல்ல. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. அதனால் ஈய ஏப்ரன் போட்டால் இந்தப் புலம் குறையாது, மார்பில் குத்தியிருக்கும் கதிர்வீச்சு பேட்ஜிலும் பதிவாகாது. ‘ஏப்ரன் போட்டுத்தானே இருக்கிறேன்’ என்று யாராவது நிம்மதியாக இருந்தால் அன்போடு திருத்துங்கள்.

எந்த எண்ணோடு ஒப்பிடுவது

காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாவில் அளப்போம். சில மீட்டர்கள் மில்லிகாஸில் காட்டும். 1 மைக்ரோடெஸ்லா என்பது 10 மில்லிகாஸ். இந்தப் பத்து மடங்கில் குழம்பிப் பயந்தவர்கள் நிறையப் பேர், ஆகவே எண்ணை எழுதும்போதே அலகையும் எழுதிவிடுங்கள்.

அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 50 மற்றும் 60 ஹெர்ட்ஸில் வேலை செய்பவர்களுக்கான ஒப்பீட்டு அளவு 1000 மைக்ரோடெஸ்லா, பொதுமக்களுக்கு 200. ஸ்கேலர் இயங்கும் 25, 30 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அது வேலை செய்பவர்களுக்கு 100, பொதுமக்களுக்கு 27 என்று இறங்கிவிடுகிறது. அதிர்வெண் கூடினால் அனுமதி குறைகிறது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் கணக்குப் போடும்போது இது தேவைப்படும்.

இந்த வரம்புகள் உடனடி விளைவுகளுக்கானவை. மிக வலுவான புலம் உடம்புக்குள் மின்னோட்டத்தைத் தூண்டி நரம்பைச் சீண்டும், கண்ணில் ஒளி மினுக்குவதுபோலத் தோன்றும். அதைத் தவிர்க்கப் போட்ட கோடுகள் இவை. பல் சிகிச்சை அறையில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் 1000 மைக்ரோடெஸ்லாவை நெருங்குவது எளிதில் நடக்காது.

அப்படியானால் புற்றுநோய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது? வீட்டில் சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் புலம் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அதை வைத்து, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002இல் மிகக் குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை ‘2பி’ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. காரண காரிய உறவு நிறுவப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் எல்லாச் சான்றுகளையும் அலசியபோதும் இதே முடிவுக்குத்தான் வந்தது. கூடவே, அதிகச் செலவில்லாமல் புலத்தைக் குறைக்க முடிகிற இடத்தில் குறைப்பது நியாயமானது என்றும் சொன்னது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நியாயத்தின்மேல்தான் நிற்கிறது. பீதி வேண்டாம், ஆனால் நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினால் தீரும் ஒரு விஷயத்தை அலட்சியமாக விடவும் வேண்டாம்.

படி 1: கருவிகளை விடுங்கள், ஆட்களை எழுதுங்கள்

ஒரு தாளில் கிளினிக்கில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் எழுதுங்கள். மருத்துவர், நாற்காலிப் பக்க உதவியாளர், ஹைஜீனிஸ்ட், வரவேற்பில் இருப்பவர், கருவிகளைக் கழுவிச் சுத்திகரிப்பவர், லேப் டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு நாளில் எந்தெந்த இடத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்று குறியுங்கள். அவரிடமே கேளுங்கள். நாம் நினைப்பதும் நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

அப்புறம், பேஸ்மேக்கர், இதய அதிர்ச்சி தரும் ஐசிடி கருவி, காக்ளியர் இம்ப்ளான்ட், நரம்புத் தூண்டி, மூளை நீரை வடிக்கும் சரிசெய்யக்கூடிய ஷன்ட் வால்வு இவற்றில் ஏதாவது யாருக்காவது இருக்கிறதா என்று தனியாக, ரகசியம் காத்துக் கேளுங்கள். சொல்வது அவர் விருப்பம். சொன்னால் என்ன பாதுகாப்பு கிடைக்கும் என்பதை முதலில் விளக்கிவிட்டுக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் இதே மரியாதை.

படி 2: மூலங்களைத் தேடி ஒரு நடை

இப்போது அறை அறையாக நடந்து வாருங்கள். சிகிச்சை அறையில் சேரின் அடியில் உள்ள மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும், பல்லைக் குடையும் எலெக்ட்ரிக் மைக்ரோமோட்டாரின் கன்ட்ரோல் பெட்டி, ஸ்கேலர், பல் அடைக்கும் பாதரசக் கலவையைக் குலுக்கிக் கலக்கும் அமால்கமேட்டர், எக்ஸ்-ரே யூனிட். பல்லைக் குடையும் இன்னொரு கருவியான, காற்றில் சுழலும் ஏர்ரோட்டாரைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைச் சுழற்றுவது காற்று, மின்சாரம் அல்ல.

பழைய ஹாலஜன் லைட் இருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள். 12 வோல்ட், 150 வாட் பல்பு என்றால் 12.5 ஆம்பியர் ஓடுகிறது. காந்தப்புலத்தைத் தீர்மானிப்பது ஆம்பியர்தான், வோல்ட் அல்ல. ‘பன்னிரண்டு வோல்ட்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. அந்த டிரான்ஸ்ஃபார்மர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். சில சேர்களில் மருத்துவரின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

வரவேற்பு மேசைக்கு வாருங்கள். மேசைக்கு அடியில், காலுக்குப் பக்கத்தில் யூபிஎஸ் இருக்கிறதா? முதுகுக்குப் பின்னால் சுவரில் மின் விநியோகப் பெட்டி? சுவருக்கு அந்தப்பக்கம் கம்ப்ரஸரோ இன்வெர்ட்டரோ ஸ்டெபிலைசரோ? செங்கல் சுவரும் மரப் பலகையும் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. கண்ணுக்கு எதிரே கருவியே இல்லாத இடத்தில் புலம் அதிகமாக இருக்கலாம் என்பதை வரவேற்பு மேசையில்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

படி 3: மீட்டரைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு அளக்கிறார்கள். போனில் இருப்பது திசைகாட்டிக்கான சென்சார். நிலைக் காந்தப்புலத்தைக் காட்டவே அது செய்யப்பட்டது. பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும், போன் அதைத்தான் காட்டும். திரையில் 45 என்று பார்த்துவிட்டு, ‘0.4க்கு மேல் ஆபத்தாமே, இங்கே நூறு மடங்கு இருக்கிறதே’ என்று அதிர்ந்துபோவார்கள். அந்த 0.4 மாறும் புலத்துக்கானது, இந்த 45 மாறாத புலம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. போன் சென்சார் 50 ஹெர்ட்ஸ் புலத்தை நம்பும்படி அளக்காது.

தேவைப்படுவது மூவச்சு மீட்டர். மூன்று திசைகளிலும் ஒரே நேரத்தில் அளந்து மொத்தத்தைத் தருவது அது. ஓரச்சு மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் அதே இடத்தில் மீட்டரை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் திருப்பி மூன்று எண்கள் எடுங்கள். ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் காணுங்கள். 3, 4, 12 என்று வந்தால் 9, 16, 144 கூடி 169, அதன் மூலம் 13.

இதைவிட முக்கியம், மீட்டர் எந்த அதிர்வெண் வரை பார்க்கும் என்பது. சாதாரண மீட்டர்கள் பல ஓரிரு கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதை 25 கிலோஹெர்ட்ஸ் ஸ்கேலரின் பக்கத்தில் பிடித்தால் ஏறக்குறைய ஒன்றுமே காட்டாது. ‘ஸ்கேலர் சுத்தம்’ என்று எழுதிவைத்துவிடுவோம், உண்மையில் மீட்டருக்குத்தான் கண் தெரியவில்லை. ஸ்கேலரையும் லேபில் உள்ள இன்டக்‌ஷன் கருவியையும் அளக்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும் அகலப்பட்டை மீட்டர் வேண்டும். வாங்கத் தேவையில்லை. தொழில்சார் சுகாதார நிபுணர் ஒருவரை ஒருநாள் கூப்பிட்டால் அவர் கொண்டுவருவார். அளவுத்திருத்தச் சான்றிதழ் எந்தத் தேதியில் வாங்கியது என்றும் கேளுங்கள்.

படி 4: அளப்பது

முதலில் எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு அறையின் பின்னணிப் புலத்தை எடுங்கள். வீடுகளின் பின்னணி அளவு ஐரோப்பாவில் 0.025 முதல் 0.07, அமெரிக்காவில் 0.055 முதல் 0.11 மைக்ரோடெஸ்லா வரை என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. உங்கள் அறையில் எல்லாம் அணைந்த பிறகும் 0.5 அல்லது 1 என்று நின்றால் அது கருவியால் வருவதல்ல. அதற்குத் தனிப் படி இருக்கிறது.

பிறகு ஒவ்வொரு கருவியாக இயக்குங்கள். சும்மா ஆன் செய்து வைத்திருப்பதற்கும் வேலை செய்யும்போதும் வித்தியாசம் உண்டு. மிதியை அழுத்தி ஸ்கேலரை ஓடவிட்டு அளக்க வேண்டும், சேரை ஏற்றி இறக்கும்போது அளக்க வேண்டும். கருவியை ஒட்டி வைத்து அளந்த எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதனால் பெரிய பயன் இல்லை. ஹேர் டிரையரையே எடுத்துக்கொள்ளுங்கள். 3 சென்டிமீட்டரில் 6 முதல் 2000 மைக்ரோடெஸ்லா வரை, 30 சென்டிமீட்டரில் 0.01 முதல் 7 வரை. ஒரே கருவிதான், தூரம் மட்டும்தான் மாறியது.

ஆகவே உடம்பு இருக்கும் இடத்தில் அளவெடுங்கள். மருத்துவர் வழக்கமாக உட்காரும் ஸ்டூலில், வழக்கம்போல் குனிந்த நிலையில், தலை, மார்பு, இடுப்பு மூன்று உயரங்களில். கைக்குத் தனியாக ஓர் அளவு. உதவியாளர் எதிர்ப்பக்கம் உட்காருவதால் அவருக்கும் தனி அளவு. அளக்கும்போது மீட்டரை ஆட்டாமல் ஒரே இடத்தில் சில நொடிகள் பிடியுங்கள். பூமியின் புலத்துக்குள் சென்சாரை வீசி ஆட்டினால் அந்த அசைவே பொய்யான எண் காட்டும்.

எக்ஸ்-ரே யூனிட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. படம் எடுப்பது நொடியின் ஒரு பகுதி. கதிர்வீச்சுக்காக நீங்கள் எப்படியும் தள்ளியோ தடுப்புக்குப் பின்னாலோ நிற்கிறீர்கள், அந்தத் தூரமே இதற்கும் போதும்.

படி 5: நேரத்தோடு பெருக்குவது

எண்களை எடுத்தாயிற்று. இனி படி 1இல் எழுதிய நேரத்தோடு சேருங்கள். இங்கே தருவது விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்.

மருத்துவர் 8 மணி நேரத்தில் 1 மணி நேரம் மோட்டாரை ஒட்டி 2 மைக்ரோடெஸ்லாவிலும், மீதி 7 மணி நேரம் 0.08இலும் இருக்கிறார். 2-ஐயும் 0.56-ஐயும் கூட்டி 8ஆல் வகுத்தால் சராசரி 0.32. வரவேற்பில் இருப்பவர் 7 மணி நேரம் 0.6இல் உட்கார்ந்திருக்கிறார், காரணம் முதுகுக்குப் பின்னால் உள்ள மின்பெட்டி. மீதி 1 மணி நேரம் 0.08. சராசரி 0.535. கருவியையே தொடாத ஆளுக்குத்தான் அதிகம் சேருகிறது. இருவரும் சந்திக்கும் உச்ச அளவான 2, 0.6கூட 1000க்கு வெகு கீழேதான், உடனடி ஆபத்து இருவருக்கும் இல்லை. ஆனால் குறைப்பதை எங்கே தொடங்குவது என்று கேட்டால் பதில் தெளிவாக இருக்கிறது, மின்பெட்டிக்கு முன்னால் இருக்கும் அந்த நாற்காலி.

ஒரு எச்சரிக்கை. 50 ஹெர்ட்ஸ் எண்ணையும் 25 கிலோஹெர்ட்ஸ் எண்ணையும் நேரடியாகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் அதனதன் வரம்பால் வகுத்து, வரும் விகிதங்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த ஒப்பீட்டுக்குச் சராசரி உதவாது, உடனடி விளைவுக்கான வரம்பு என்பதால் அந்தந்த நேரத்தில் காட்டிய உச்ச அளவைத்தான் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு மார்பருகே 50 ஹெர்ட்ஸில் 2, 25 கிலோஹெர்ட்ஸில் 5 என்றால், 1000இல் 2 என்பது 0.002, 100இல் 5 என்பது 0.05. சிறிய எண்ணாகத் தெரிந்த ஸ்கேலரின் பங்கு 25 மடங்கு பெரியது.

படி 6: குறைப்பது

குறைக்கத் தூரத்தைப் போலக் கைகொடுப்பது வேறு எதுவும் இல்லை. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் போன்ற சுருள்களின் புலம், சற்றுத் தள்ளிப் போனதும் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்று. 10 சென்டிமீட்டரில் 20 மைக்ரோடெஸ்லா என்றால் 20 சென்டிமீட்டரில் சுமார் 2.5, 40 சென்டிமீட்டரில் சுமார் 0.3. சுருளை ஒட்டினாற்போல் இருக்கும்போது இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் போக்கு இதுதான்.

இதை நம்பிச் சில மாற்றங்களைச் செய்யலாம். யூபிஎஸ்ஸை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து ஒரு மீட்டர் தள்ளி மூலையில் வையுங்கள். மைக்ரோமோட்டாரின் கன்ட்ரோல் பெட்டியை மடிக்கு மேலே தொங்கும் தட்டிலிருந்து நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். வரவேற்பு நாற்காலியை மின்பெட்டிச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள், அந்தச் சுவருக்கு ஃபைல் அலமாரி போகட்டும். அமால்கமேட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு அதன்மேல் குனிந்து காத்திருக்காமல் இரண்டடி பின்னால் வாருங்கள். ஹாலஜன் லைட்டை எல்இடிக்கு மாற்றும் எண்ணம் எப்படியும் இருந்தால், மின்னோட்டம் குறையும் என்பது இன்னொரு காரணம். இதில் எதுவும் சிகிச்சையின் தரத்தைத் தொடவில்லை.

ஸ்கேலரில் தூரத்தைக் கூட்ட முடியாது, கையில்தான் பிடித்தாக வேண்டும். இங்கே பவரைக் குறைப்பதும் நேரத்தைக் குறைப்பதும் மட்டுமே வழி. வேலைக்குப் போதுமான மிகக் குறைந்த பவரில் வையுங்கள், அது பல்லுக்கும் நல்லது. வாயில் நுனி படாத நேரத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கேபிளைக் கழுத்திலோ தோளிலோ சுற்றிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க ஸ்கேலிங் மட்டுமே செய்யும் ஹைஜீனிஸ்ட் இருந்தால், அடுத்த கருவி வாங்கும்போது பீசோவைப் பரிசீலிக்கலாம். என் கருத்தில் அவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் அதுதான்.

தடுப்புத் தகடு கடைசி வழி. குறைந்த அதிர்வெண் புலத்தைத் தடுக்க மியூ-மெட்டல் போன்ற சிறப்பு உலோகக்கலவையோ தடித்த அலுமினியமோ வேண்டும், அதைப் பொருத்துவதற்கு அனுபவமும் வேண்டும். போனில் ஒட்டும் ‘கதிர்வீச்சு எதிர்ப்பு’ ஸ்டிக்கர், கழுத்தில் போடும் பதக்கம் ஆகியவற்றுக்கு ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி யூபிஎஸ்ஸைத் தள்ளி வைத்தால் உண்மையிலேயே குறையும்.

படி 7: எல்லாம் அணைந்தும் புலம் இருந்தால்

ஒழுங்கான வயரிங்கில் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரண்டின் புலமும் எதிரெதிர் திசையில் இருப்பதால் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். எங்கேயாவது நியூட்ரலையும் எர்த்தையும் தவறாகச் சேர்த்துவிட்டால், திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி உலோகத் தண்ணீர்க் குழாய் வழியாகத் திரும்பிவிடும். அப்போது இரண்டும் சமமாக இல்லாததால் அறை முழுக்கப் புலம் பரவும். டென்டல் சேருக்குத் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக வருவதால் உலோகக் குழாய் உள்ள பழைய கட்டடங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடையாளம் எளிது. கருவியிலிருந்து தள்ளிப் போனாலும் எண் சட்டென்று குறையாது. தனிக் கம்பியின் புலம் தூரத்துக்கு நேர் எதிர் விகிதத்தில் மெதுவாகத்தான் இறங்கும். சமநிலை தவறிய 1 ஆம்பியர் மட்டும் 1 மீட்டரில் 0.2 மைக்ரோடெஸ்லாவும் 10 சென்டிமீட்டரில் 2 மைக்ரோடெஸ்லாவும் தரும். தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஃபேஸ் கம்பியையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே கிளாம்ப் மீட்டருக்குள் விட்டு அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் பிழை இருக்கிறது. இதை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். காந்தப்புலம் ஒரு பக்கம் இருக்கட்டும், மின்சார அதிர்ச்சிக்கும் தீக்கும் வழிவிடும் கோளாறு இது. சரிசெய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 8: பேஸ்மேக்கரும் ஐசிடியும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்றவர்களுக்கு நீண்டகாலக் கேள்வியாக இருப்பது, உடம்பில் கருவி உள்ளவருக்கு உடனடிக் கேள்வி. அது பணியாளராக இருக்கலாம், சேரில் படுத்திருக்கும் நோயாளியாகவும் இருக்கலாம்.

பேஸ்மேக்கர் இதயத்தின் நுண்ணிய மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும் கருவி. வெளியிலிருந்து வரும் மாறும் புலத்தை அது இதயத் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டால், தர வேண்டிய துடிப்பைத் தராமல் நின்றுவிடலாம். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வகச் சோதனையில் மேக்னெட்டோஸ்ட்ரிக்டிவ் ஸ்கேலர் 37.5 சென்டிமீட்டர் வரையிலும், அல்ட்ராசோனிக் கழுவுதொட்டி 30 சென்டிமீட்டர் வரையிலும், மின்சாரத்தால் ஈறை வெட்டும் எலெக்ட்ரோசர்ஜரி கருவி 10 சென்டிமீட்டர் வரையிலும் பேஸ்மேக்கரைத் தொந்தரவு செய்தன. அமால்கமேட்டர், பல் அடைப்பை ஒளியால் இறுக்கும் லைட் க்யூர், பல் குடையும் கைப்பிடியான ஹேண்ட்பீஸ், எக்ஸ்-ரே யூனிட், பல் உயிர்ப்பைச் சோதிக்கும் கருவி ஆகியவை செய்யவில்லை. இன்றைய பேஸ்மேக்கர்களில் பாதுகாப்பு மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறைக் கருவி என்று நமக்குப் பார்த்துத் தெரியாது.

ஆகவே நோயாளியிடம் கருவி அட்டையைக் கேட்டு வாங்கி, நிறுவனமும் மாடலும் குறித்து, சந்தேகம் இருந்தால் அவருடைய இதய மருத்துவரிடம் பேசுங்கள். ஸ்கேலிங்குக்குக் கைக்கருவியையோ, தயாரிப்பாளர் குறிப்பேடு அனுமதித்தால் பீசோவையோ பயன்படுத்துங்கள். எந்தக் கருவியின் கேபிளையும் கைப்பிடியையும் அவர் மார்பின்மேல் கிடத்தாதீர்கள். தலைசுற்றல், படபடப்பு, மயக்கம் வருவதுபோல் இருக்கிறது என்று சொன்னால் உடனே மிதியிலிருந்து காலை எடுங்கள், கருவியை அணைத்துத் தள்ளி வையுங்கள். அதற்குப் பின்னும் தெளியாவிட்டால் அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

பணியாளருக்குப் பேஸ்மேக்கர் இருந்தால் அவரை மேக்னெட்டோஸ்ட்ரிக்டிவ் ஸ்கேலரை இயக்க விடாதீர்கள். கழுவுதொட்டி ஓடும்போது அதன்மேல் குனியும் வேலையும் அவருக்கு வேண்டாம். சிறிய நிலைக் காந்தங்களையும் மறக்காதீர்கள். வலுவான காந்தம் அருகே வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்பதை விட்டுவிட்டு நிலையான வேகத்தில் துடிக்கத் தொடங்கும், ஐசிடி என்றால் அதிர்ச்சி தரும் வேலையையே நிறுத்திவைத்துவிடலாம். காந்தப் பெயர் அட்டை சரியாக மார்புப் பையின்மேல்தான் உட்காரும், உள்ளே கருவி வைத்திருப்பதும் பெரும்பாலும் அதே பக்கம். ஊக்கு வைத்த அட்டைக்கு மாற்றிவிடுங்கள். காந்தம் எதுவானாலும் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கர்ப்பிணிப் பணியாளர்கள்

கர்ப்பத்துக்குக் காந்தப்புலம் கெடுதல் செய்கிறது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை. இருந்தாலும் வயிற்றில் இருக்கும் குழந்தை வேலைக்குச் சேரவில்லை. அதனால் பணியாளருக்கான வரம்பை விட்டுவிட்டுப் பொதுமக்களுக்கான வரம்பை அவருக்கு வைப்பது நியாயம். உட்காரும் இடத்தை அளந்து, எண்ணை அவரிடமே காட்டி, இடுப்பு உயரத்தில் மோட்டாரோ யூபிஎஸ்ஸோ இல்லாத இடத்தைக் கொடுங்கள். அளந்த எண்ணைக் கண்ணால் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

லேபை மறக்க வேண்டாம்

உலோகம் உருக்கும் இன்டக்‌ஷன் காஸ்டிங் இயந்திரம் வேண்டுமென்றே வலுவான உயர் அதிர்வெண் புலத்தை உண்டாக்குகிறது, அதன் வேலையே அதுதான். சுருள் ஓடும்போது கையை அருகில் கொண்டுபோகக் கூடாது, மோதிரமும் உலோக வளையலும் கழற்றிவிட வேண்டும், பேஸ்மேக்கர் உள்ளவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பொத்தானை அழுத்திய பின் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பிளாஸ்டர் ஊற்றும் வைப்ரேட்டர் பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே இருப்பது மின்காந்தம், இரண்டு கைகளும் அதன்மேல். நாள் முழுக்க மாடல் ஊற்றுபவர் வயிற்றை மேசையில் அழுத்திக்கொண்டு நிற்பார். கையைத் தூக்க முடியாது, ஆனால் வைப்ரேட்டரை மேசையின் உள்பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தாலே உடம்புக்குக் கிடைக்கும் அளவு நன்றாக இறங்கும்.

படி 9: எழுதிவைப்பது

அறையின் வரைபடத்தை வரைந்து ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணை எழுதுங்கள். தேதி, மீட்டரின் மாடல், அதன் அதிர்வெண் எல்லை, எந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது, தரையிலிருந்து உயரம், மாற்றத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு. அதிர்வெண் எல்லையை எழுதாத பதிவு சில வருடங்கள் கழித்து யாருக்கும் உதவாது, ஸ்கேலரைப் பார்த்த மீட்டரா பார்க்காத மீட்டரா என்றே தெரியாமல் போய்விடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013/35 எண்ணுள்ள ஆணையின்படி இப்படிப்பட்ட மதிப்பீடு முதலாளியின் கடமை. உடம்பில் கருவி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் தனியாகக் கவனிக்க வேண்டும் என்றும் அந்த ஆணை சொல்கிறது. உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதி இல்லை என்றாலும் பதிவு இருக்கட்டும்.

புதிய சேர் வந்தால், ஸ்கேலர் மாறினால், வயரிங் தொட்டால், வரவேற்பு மேசை இடம் மாறினால், யாராவது பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி அளந்து, பழைய வரைபடத்திலேயே வேறு நிற மையில் எழுதுங்கள். வரைபடத்தைப் பணியாளர்கள் அறையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள்.